ஆறடித் துணி: வாஷிங்டன் புல்வெளியில் விரிந்த எய்ட்ஸ் நினைவுப் போர்வை

1987 அக்டோபர் 11, ஞாயிற்றுக்கிழமை. வாஷிங்டனில் பொழுது புலரும் நேரம். அமெரிக்க நாடாளுமன்றக் கட்டடத்தின் முன்னால் நீண்டு கிடக்கும் நேஷனல் மால் புல்வெளியில், வெள்ளை உடுத்திய தன்னார்வலர்கள் எட்டெட்டுப் பேராக வட்டமிட்டு நின்றார்கள். ஒவ்வொரு வட்டத்தின் நடுவிலும் ஒரு துணி மடிப்பு. தாமரை இதழ் விரிப்பதுபோல மடிப்பை ஒவ்வொன்றாகப் பிரித்து, ஓரங்களைப் பிடித்துத் தூக்கி, சற்றே திருப்பித் தரையில் பரப்பினார்கள். ஒலிபெருக்கியில் பெயர்கள் வாசிக்கப்பட்டுக்கொண்டே இருந்தன. எய்ட்ஸ் நோயால் இறந்தவர்களின் பெயர்கள். அவர்களில் மிகப் பெரும்பாலோர் தன்பாலீர்ப்பு ஆண்கள்.

அன்று விரிந்தவை 1,920 பேனல்கள், அதாவது இறந்தவர்களுக்காகத் தைத்த துணித் துண்டுகள். ஒவ்வொன்றும் மூன்றடி அகலம், ஆறடி நீளம். அமெரிக்கக் கால்பந்துத் திடல் ஒன்றைவிடப் பெரிய பரப்பு. அந்த வார இறுதியில் சுமார் 5 லட்சம் பேர் வந்து பார்த்தார்கள். உலகின் மிகப் பெரிய சமூகக் கலைப் படைப்பு என்று பின்னாளில் சொல்லப்பட்ட எய்ட்ஸ் நினைவுப் போர்வையின் முதல் பெருங்காட்சி இதுதான்.

பால்புதுமையினர் (தன்பாலீர்ப்பாளர், திருநர் உள்ளிட்டோர்) தங்கள் அடையாளத்தைப் பொதுவெளியில் வைத்த கலைக்காட்சிகள் எத்தனையோ உண்டு. இதை நான் எடுத்துக்கொள்வதற்குக் காரணம் நம் தெருவிலேயே இருக்கிறது. நம் ஊரில் ஒருவர் இறந்தால் கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டி ஒட்டுகிறோம். படம், பெயர், தோற்றம், மறைவு. கீழே, இவரது பிரிவால் வாடும் மனைவி, மக்கள், மருமக்கள், பேரன் பேத்திகள். இறந்தவர் யாருக்கு என்ன உறவு என்று ஊரறியச் சொல்லும் பட்டியல் அது. அந்தப் பட்டியலில் இடமில்லாதவர்கள் எங்கே போய் அழுவார்கள்? வாஷிங்டன் புல்வெளியில் நடந்ததை இந்தக் கேள்வியிலிருந்து பார்த்தால்தான் அதன் முழு அளவும் தெரியும்.

காஸ்ட்ரோவில் தொடங்கிய கதை

1981 ஜூன் 5 அன்று அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் தன் வார அறிக்கையில் லாஸ் ஏஞ்சல்ஸைச் சேர்ந்த ஐந்து இளைஞர்களுக்கு வந்த அரிதான நுரையீரல் தொற்றைப் பற்றிச் சிறு குறிப்பு வெளியிட்டது. ஐவரும் தன்பாலீர்ப்பாளர்கள். எய்ட்ஸ் பற்றிய முதல் பதிவு அது. சான் ஃபிரான்சிஸ்கோவின் காஸ்ட்ரோ பகுதி, நாடெங்கிலுமிருந்து தன்பாலீர்ப்பாளர்கள் வந்து குடியேறித் தங்களுக்கென்று ஒரு ஊரைப்போல ஆக்கிக்கொண்ட இடம். அடுத்த சில ஆண்டுகளில் அங்கே தெருவுக்குத் தெரு சாவு விழுந்தது. ஜனாதிபதி ரீகன் அந்த நோயின் பெயரைப் பொதுவில் உச்சரித்ததே 1985 செப்டம்பரில்தான்.

இறந்தவர்களை அடக்கம் செய்ய மறுத்த சவ அடக்க நிலையங்கள் இருந்தன. பல பத்திரிகை இரங்கல் செய்திகளில் 'நெடுநாள் நோய்' என்று மட்டுமே போட்டார்கள். பத்து வருடம் கூட வாழ்ந்த துணைவனைச் சாவு வீட்டு வாசலில் தடுத்து நிறுத்திய குடும்பங்களும் உண்டு. பிள்ளை எப்படி வாழ்ந்தான் என்பதும் எதனால் செத்தான் என்பதும் ஒரே மூச்சில் மறைக்கப்பட்டன.

கிளீவ் ஜோன்ஸ் அந்தப் பகுதியின் களப்பணியாளர். தன்பாலீர்ப்பாளர் என்று வெளிப்படையாகச் சொல்லிக்கொண்டு தேர்தலில் வென்று, 1978 நவம்பர் 27 அன்று மேயர் ஜார்ஜ் மாஸ்கோனியுடன் சுட்டுக் கொல்லப்பட்ட ஹார்வி மில்க்கிடம் அரசியல் பயின்றவர். அந்தக் கொலைகளின் நினைவாக ஒவ்வோர் ஆண்டும் மெழுகுவத்தி ஊர்வலம் நடக்கும். 1985 நவம்பர் ஊர்வலத்துக்கு முன், அந்த நகரில் மட்டும் எய்ட்ஸால் இறந்தவர்கள் ஆயிரத்தைத் தொட்டுவிட்டார்கள் என்ற செய்தியை ஜோன்ஸ் படித்தார். ஊர்வலத்துக்கு வந்தவர்களிடம் அட்டைகளைக் கொடுத்து, அந்த நோயால் இழந்தவர்களின் பெயரை எழுதச் சொன்னார். முதலில் தயங்கினார்கள். முதலெழுத்துகளை மட்டும் எழுதியவர்கள் இருந்தார்கள். பிறகு முழுப் பெயரையும் எழுதத் துணிந்தார்கள். ஊர்வல முடிவில் ஏணி போட்டு அந்த அட்டைகளை மத்திய அரசு அலுவலகக் கட்டடத்தின் சுவரில் ஒட்டினார்கள்.

சற்றுத் தள்ளி நின்று பார்த்தபோது அந்தச் சுவர் ஒட்டுத்துணிப் போர்வைபோலத் தெரிந்தது என்று ஜோன்ஸ் பலமுறை சொல்லியிருக்கிறார். இண்டியானாவில் அவருடைய கொள்ளுப்பாட்டி தைத்து, குடும்பத்தில் கைமாறி வந்த போர்வை அவர் நினைவுக்கு வந்தது. பழஞ்சேலைகளை அடுக்கித் தைத்துக் குழந்தைக்கு விரிக்கும் நம் வழக்கத்துக்கு இது நெருங்கிய உறவு. உபயோகம் முடிந்த துணியை வீசாமல், வீட்டில் ஒருவர் உடுத்தியதை இன்னொருவர் மேலே போர்த்திக்கொள்ளும் பழக்கம்.

அந்த எண்ணம் உடனே பலிக்கவில்லை. 1986இல் ஜோன்ஸின் நெருங்கிய நண்பர் மார்வின் ஃபெல்ட்மன் இறந்தார். 1987 தொடக்கத்தில் அவர் பெயரில்தான் முதல் பேனல் உருவாயிற்று. அந்த ஜூனில் 'நேம்ஸ் ப்ராஜெக்ட்' என்ற அமைப்பு முறையாகத் தொடங்கியது. மார்க்கெட் ஸ்ட்ரீட்டில் ஒரு கடையைப் பிடித்து, தையல் இயந்திரம் வேண்டும், துணி வேண்டும், ஆள் வேண்டும் என்று ஜன்னலில் எழுதி ஒட்டினார்கள். கேட்டது எல்லாம் வந்து சேர்ந்தது. அப்போது தையலுக்கு வந்து உட்கார்ந்த கெர்ட் மக்மல்லின் பல பத்தாண்டுகள் அந்தப் போர்வையோடே இருந்தார். ஜூன் மாதம் சான் ஃபிரான்சிஸ்கோ நகர மன்றத்தின் முகப்பில் 40 பேனல்களைத் தொங்கவிட்டார்கள். அக்டோபருக்குள் 40 என்பது 1,920 ஆயிற்று. நான்கே மாதத்தில்.

ஒரே ஒரு விதி

இந்த வேகத்துக்குக் காரணம் வடிவமைப்பில் இருக்கிறது. கலைக்காட்சி நடத்துபவர்கள் இதைக் கூர்ந்து பார்க்க வேண்டும் என்று நினைக்கிறேன். நேம்ஸ் ப்ராஜெக்ட் வைத்த விதி கிட்டத்தட்ட ஒன்றுதான். பேனல் மூன்றடிக்கு ஆறடி இருக்க வேண்டும். அது ஒரு குழியின் அளவு. கடைசியில் ஆறடி நிலம் என்று நாம் சொல்வோமே, அந்த ஆறடி. அதுகூட மறுக்கப்பட்டவர்களுக்கு அதே அளவில் துணி.

மற்ற எதற்கும் கட்டுப்பாடு இல்லை. தேர்வுக்குழு கிடையாது. தையல் தெரிந்திருக்க வேண்டியதில்லை. தாய் தைக்கலாம், துணைவன் தைக்கலாம், பக்கத்து மேசையில் வேலை பார்த்தவர் தைக்கலாம், இறந்தவரைக் கண்ணால் பார்த்திராதவரும் தைக்கலாம். துணியில் சாயம் பூசினார்கள், பூவேலை செய்தார்கள், எழுத்துகளை வெட்டி ஒட்டினார்கள். ஜீன்ஸ், தோல் சட்டை, இறகு மாலை, ஜிகினா, கரடி பொம்மை, கார் சாவி, காதல் கடிதம், திருமண மோதிரம், சிலவற்றில் இறந்தவரின் சாம்பலே கூடத் தைக்கப்பட்டிருக்கிறது.

வந்த பேனல்களைத் தன்னார்வலர்கள் எட்டெட்டாகச் சேர்த்துப் பன்னிரண்டடிச் சதுரமாகத் தைத்தார்கள். ஓரத்தில் கேன்வாஸ் துணி, அதில் உலோக வளையங்கள். காட்சியன்று நான்கு சதுரங்களைக் கோத்து இருபத்துநான்கடிச் சதுரமாக்கி, இடையே நடைபாதை விட்டுப் பரப்புவார்கள். எந்த ஊரிலும், எந்தத் திடலிலும், எத்தனை வந்தாலும் சேர்க்கலாம். முடிவில்லாமல் வளரக்கூடிய அமைப்பு. யாருக்குப் பக்கத்தில் யார் என்பதைப் பெரும்பாலும் பேனல் வந்து சேர்ந்த நேரம் முடிவு செய்தது. கல்லூரி மாணவர் பக்கத்தில் வங்கி அதிகாரி, அவருக்கு அடுத்து பெண் வேடமிட்டு மேடையில் ஆடிய கலைஞர். உயிரோடு இருந்தபோது ஒரே அறையில் உட்கார்ந்திருக்க மாட்டார்கள்.

பேனல்கள் தரையில் கிடந்தன என்பதையும் சொல்ல வேண்டும். சுவரில் தொங்கும் ஓவியத்தை நிமிர்ந்து பார்க்கிறோம். இதைப் பார்க்கத் தலை குனிய வேண்டும். எழுத்தைப் படிக்கவோ தொடவோ மண்டியிட வேண்டும். வந்தவர்கள் அழுவார்கள் என்பது தெரிந்தே, தன்னார்வலர்கள் காகிதக் கைக்குட்டைப் பெட்டிகளோடு நடைபாதையில் நின்றார்கள். புல்லுக்குக் கேடு வரும் என்று பூங்கா நிர்வாகம் தயங்கியதையும், துணியை அவ்வப்போது தூக்கிவிட்டுப் புல்லுக்குக் காற்றுக் காட்டுவதாகச் சொல்லி அனுமதி வாங்கியதையும், அப்போது புதிதாக நாடாளுமன்றத்துக்கு வந்திருந்த நான்ஸி பெலோசி பின்னாளில் நினைவுகூர்ந்திருக்கிறார்.

துக்கமா, கொண்டாட்டமா

படங்களை முதலில் பார்க்கும் யாருக்கும் வியப்பாக இருப்பது நிறம். ஆரஞ்சு, ஊதா, மின்னும் பச்சை. மரணத்தின் காட்சி என்று போனவர் எதிரே விரிவது வாழ்க்கை. ஒருவருக்குப் பிடித்த பாட்டு, ஒருவர் வளர்த்த நாய், ஒருவர் ஆடிய ஆட்டம், ஒருவர் போட்டுக்கொண்ட உதட்டுச் சாயம். பல குடும்பங்கள் மூடி மறைத்த அதே விஷயங்களைத்தான் தைத்தவர்கள் எடுத்து முன்னால் வைத்தார்கள்.

கண்ணீர் அஞ்சலியின் கணக்கு இங்கேதான் மாறியது. பேனலில் இறந்தவரின் பெயரோடு, அவரைக் காதலித்தவனின் பெயரும் பலவற்றில் இருந்தது. துணைவன், தோழி, கூட வசித்த நண்பர்கள் எல்லாரும் வாடும் உறவுகளாகக் கையெழுத்திட்டார்கள். ஒரே ஆளுக்கு இரண்டு, மூன்று பேனல்களும் உண்டு. பெற்றோர் ஒன்றும் துணைவன் ஒன்றுமாக, ஒருவருக்கொருவர் தெரியாமலே தைத்தவை. இன்னொரு பக்கம், குடும்பத்தின் எதிர்ப்புக்கு அஞ்சி முதற்பெயரை மட்டும் தாங்கியவையும் பெயரே இல்லாதவையும் வந்தன. அந்த வெற்றிடத்தையும் அப்படியே தைத்துச் சேர்த்தார்கள். நடுகல்லில் பெயரும் பீடும் பொறித்து வழியோரம் நாட்டுவது நம் பழைய வழக்கம். வீரன் எப்படி விழுந்தான் என்பது அதில் பெருமை. இவர்கள் எப்படி விழுந்தார்கள் என்பதை வெட்கமாக்கி வைத்திருந்த நாட்டில், பெயரையும் பீட்டையும் ஊசியால் எழுதினார்கள்.

புகழ மட்டுமே இடம் என்றும் சொல்லிவிட முடியாது. ராய் கோன் ஒரு வழக்கறிஞர். 1950களில் அரசுப் பணியிலிருந்த தன்பாலீர்ப்பாளர்களை வேட்டையாடியவர்களில் ஒருவர். தன் தன்பாலீர்ப்பைக் கடைசிவரை மறுத்து, 1986இல் எய்ட்ஸால் இறந்தார். அவருக்கும் ஒரு பேனல் வந்தது. அதில் மூன்று சொற்கள்: அடாவடிக்காரர், கோழை, பலியானவர். மூன்றாவது சொல்லைச் சேர்த்த அந்தக் கைக்கு என் வணக்கம்.

பின்னாளில் ஓர் இளைஞர் தனக்கான பேனலைத் தானே செய்தார். பிறந்த தேதி, நோய் இருப்பதாகச் சொல்லப்பட்ட நாள், மணி, நிமிடம் எல்லாவற்றையும் எழுதி, இதை நீங்கள் படிக்கும்போது நான் இருக்க மாட்டேன் என்ற பொருளில் முடித்திருந்தார்.

மூன்று நாள் கழித்து

காட்சி தனியே நடந்ததல்ல. அதே ஞாயிறன்று தன்பாலீர்ப்பாளர் உரிமைக்கான இரண்டாவது தேசியப் பேரணி வாஷிங்டனில் நடந்தது. முந்தைய ஆண்டுதான் உச்ச நீதிமன்றம், தன்பாலுறவைக் குற்றமாக்கும் மாநிலச் சட்டங்கள் செல்லும் என்று தீர்ப்பளித்திருந்தது. அதை எதிர்த்து அக்டோபர் 13 அன்று நீதிமன்ற வாசலில் மறியல் செய்த நூற்றுக்கணக்கானோர் கைதானார்கள். அடுத்த நாள், 14ஆம் தேதி, தன்பாலீர்ப்பை ஊக்குவிப்பதாகக் கருதப்படும் எய்ட்ஸ் விழிப்புணர்வுப் பிரசுரங்களுக்கு மத்திய அரசுப் பணம் தரக்கூடாது என்ற செனட்டர் ஜெஸ்ஸி ஹெல்ம்ஸின் திருத்தத்தை நாடாளுமன்ற மேலவையான செனட் ஏற்றது. எதிர்த்து விழுந்த வாக்குகள் 2.

போர்வையின் பலன் என்ன என்று கேட்பவர்கள் இந்தத் தேதியை மறந்துவிடக் கூடாது. நாடாளுமன்ற வாசலில் அத்தனை பெயர்களை வாசித்த மூன்றாம் நாள் நடந்தது அது. அந்த ஆண்டுக்குள் அமெரிக்காவில் எய்ட்ஸ் சாவுகள் மொத்தம் 20,000ஐத் தாண்டியிருந்தன. மார்ச்சில் அனுமதி பெற்றிருந்த ஒரே மருந்தான ஏஇசட்டீயின் விலை ஆண்டுக்கு ஏறக்குறைய 10,000 டாலர்.

தன்பாலீர்ப்பாளர் சமூகத்துக்கு உள்ளிருந்தே போர்வைக்கு எதிராகக் குரல் எழுந்தது நியாயம்தான். அதே 1987 மார்ச்சில் நியூயார்க்கில் தொடங்கிய 'ஆக்ட் அப்' என்ற எய்ட்ஸ் போராட்ட இயக்கத்தவர் பலருக்கு, அழுதுவிட்டு வீட்டுக்குப் போக வழிசெய்யும் காட்சியாக அது பட்டது. பாட்டி தைத்த போர்வை என்ற வடிவம் நடு அமெரிக்கக் குடும்பங்களுக்கு நெருக்கமானது. அதனால்தான் அவர்களும் வந்தார்கள், ஜோன்ஸ் விரும்பியதும் அதுவே. ஆனால் அந்த நெருக்கத்துக்காகத் தன்பாலீர்ப்பின் அரசியல் கூர் மழுக்கப்படுகிறது என்று விமர்சகர்கள் சொன்னார்கள். சரியாக ஐந்து ஆண்டு கழித்து, 1992 அக்டோபர் 11 அன்று, போர்வை மீண்டும் வாஷிங்டனில் விரிந்திருந்த வேளையில், ஆக்ட் அப் தோழர்கள் தங்கள் காதலர்களின், நண்பர்களின் சாம்பலைச் சுமந்துபோய் வெள்ளை மாளிகையின் வேலிக்கு மேலாகப் புல்வெளியில் கொட்டினார்கள்.

எது சரி என்ற கேள்வியில் ஒன்றை மட்டும் தேர்ந்தெடுக்க மாட்டேன். இரண்டும் வேண்டியிருந்தது. சாம்பலைக் கொட்டியவர்களின் கோபம் இல்லாமல் மருந்து ஆராய்ச்சி அந்த வேகத்தில் நகர்ந்திருக்காது. அயோவாவின் ஒரு தாயை அந்தக் கோபம் மட்டும் வாஷிங்டனுக்கு அழைத்து வந்திருக்காது. அந்தத் தாய் தன் மகனின் பெயரை, அவன் துணைவனின் பக்கத்தில் நின்று ஒலிபெருக்கியில் வாசிப்பதற்கு ஊசியும் நூலும் வேண்டியிருந்தன.

இதைவிட வலுவான விமர்சனம் யார் விடுபட்டார்கள் என்பது. தொற்று கறுப்பின மக்களை மிகக் கடுமையாகத் தாக்கியது. போர்வையிலோ தொடக்கத்திலிருந்தே வெள்ளையின ஆண்களின் பெயர்கள் அளவுக்கு மீறி இருந்தன. யாரும் தைக்கலாம் என்ற விதி கதவைத் திறந்துதான் வைத்தது. கதவு எங்கே இருக்கிறது என்று தெரிய வேண்டும், தைக்க ஒரு மாலைப்பொழுது ஓய்வு வேண்டும், வெளியே தெரிந்தால் வேலை போகாது என்ற தைரியம் வேண்டும். அவை எல்லாருக்கும் சமமாக வாய்க்கவில்லை. 2022இல் மிசிசிப்பியின் ஜாக்சன் நகரில் 500க்கும் மேற்பட்ட பேனல்களை வைத்து நடந்த காட்சியும், தென் மாநிலக் கறுப்பின மக்களைப் புதிய பேனல்கள் தைக்க அழைத்த பட்டறைகளும் அந்தக் குறையை ஒப்புக்கொண்ட பிறகு வந்தவை.

பிறகு

1988 வசந்தத்தில் போர்வை 20 நகரங்களுக்குப் போனது. உள்ளூர் எய்ட்ஸ் சேவை அமைப்புகளுக்காக ஏறக்குறைய 5 லட்சம் டாலர் திரண்டது. ஒவ்வோர் ஊரிலும் புதிய பேனல்கள் சேர்ந்தன. அந்த அக்டோபரில் வெள்ளை மாளிகையின் முன் விரிந்தபோது 8,288. 1989இல் நோபல் அமைதிப் பரிசுக்குப் பரிந்துரைக்கப்பட்டது. 1996 அக்டோபரில் மால் முழுவதையும் நிரப்பியது. அன்று வந்த கிளின்டன்தான் அதை நேரில் பார்த்த முதல் ஜனாதிபதி. முழுப் போர்வையும் ஒரே இடத்தில் விரிந்தது அதுவே கடைசி. இன்று சுமார் 50,000 பேனல்கள், 1,10,000 பெயர்கள், 54 டன் எடை. நடைபாதையைக் கணக்கில் சேர்க்காமலே இருபது ஏக்கருக்கு மேல் வேண்டும்.

2001இல் அட்லாண்டாவுக்குப் போன போர்வை, 2020இல் சான் ஃபிரான்சிஸ்கோ வட்டாரத்துக்குத் திரும்பியது. தேசிய எய்ட்ஸ் நினைவகம் இப்போது பராமரிக்கிறது. பேனலோடு வந்த கடிதங்களும் படங்களும் அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் பொறுப்பில் இருக்கின்றன. 2020இல் சான் ஃபிரான்சிஸ்கோவின் கோல்டன் கேட் பூங்காவில் பெரிய காட்சிக்கு ஏற்பாடாகியிருந்தது, கொரோனா தடுத்துவிட்டது. மக்மல்லின் பேனல் தையலில் மிஞ்சிய துணிகளை எடுத்து முகக்கவசம் தைத்துக் கொடுத்தார். 2022 ஜூனில் அதே பூங்காவில் ஏறக்குறைய 3,000 பேனல்கள் விரிந்தன. எல்லாப் பேனல்களின் படங்களும் இணையத்தில் உள்ளன. பெயர் கொடுத்துத் தேடலாம்.

தேடும்போதெல்லாம் எனக்குச் சென்னை நினைவு வருகிறது. மார்வின் ஃபெல்ட்மன் இறந்த அதே 1986இல்தான் டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் இந்தியாவில் எச்ஐவி இருப்பதைச் சென்னையில் முதன்முதலாகக் கண்டறிந்தார்கள். அன்றிலிருந்து நம்மிடையே அந்த நோயால் போன திருநங்கைகள், ஆண்கள், பாலியல் தொழிலாளிகள், லாரி ஓட்டுநர்கள், அவர்களின் மனைவிமார் எத்தனையோ பேர். காரணத்தைச் சொன்ன கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டி ஒன்றைக்கூட நான் பார்த்ததில்லை.

1988இல் நேம்ஸ் ப்ராஜெக்டுக்கு அனுப்பியவர் பெயரில்லாமல் ஒரு பேனல் வந்தது. அதே மூன்றடி, ஆறடி. யார் பெயரும் அதில் இல்லை. 'கடைசி ஒன்று' என்று மட்டும் ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. இந்த நோய் முடிவுக்கு வந்த பிறகு போர்வையில் கடைசியாக இதைத் தைத்துவிடுங்கள் என்பது அனுப்பியவரின் வேண்டுகோள். அதை இன்னும் தைக்கவில்லை. புதிய பேனல்கள் வந்துகொண்டிருக்கின்றன.